மானியத்தை நிறுத்துவேன் என்று அரசு மிரட்டினால் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்?

கிளேர்வுட் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம் முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "பணம் கொடுப்பவன் கேள்வி கேட்கத்தானே செய்வான்" என்றார் நண்பர் ஒருவர். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். அங்கே எனக்குச் சொல்ல வராத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு நம் தென்னாப்பிரிக்கா பலமுறை விடை எழுதியிருக்கிறது. சில விடைகள் நமக்குப் பெருமை தருபவை, சில தலைகுனிய வைப்பவை.

முதலில் அமெரிக்கச் செய்தி. 2025 மார்ச் 7ஆம் தேதி, யூத மாணவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்கத் தவறியது என்ற குற்றச்சாட்டோடு, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 40 கோடி டாலர் நிதிநல்கைகளையும் ஒப்பந்தங்களையும் அமெரிக்க அரசு ரத்து செய்தது. இரண்டே வாரத்தில் பல்கலைக்கழகம் இறங்கிவந்தது. கைது செய்யும் அதிகாரமுள்ள 36 காவலர்கள், முகமூடிக்குக் கட்டுப்பாடு, மத்திய கிழக்கு, தெற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் துறைக்கு மேலே ஒரு மூத்த அதிகாரியின் மேற்பார்வை என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டது. (அந்தத் துறையில்தான் அங்கே தமிழும் கற்பிக்கிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்காகக் குறித்துவைக்கிறேன்.) அப்படியும் பணம் உடனே திரும்பவில்லை. ஜூலை 23ஆம் தேதி, மூன்று ஆண்டுகளில் 20 கோடி டாலர் செலுத்துவதாகவும், பணியாளர் பாகுபாட்டுப் புகார்களைத் தீர்க்க மேலும் 2 கோடியே 10 லட்சம் டாலர் தருவதாகவும், வெளியாள் ஒருவர் தன்னைக் கண்காணிப்பதற்கு இசைவதாகவும் கையெழுத்திட்ட பிறகுதான் நின்றுபோன நிதியில் பெரும்பகுதிக்கு வழி திறந்தது.

ஹார்வர்டு வேறு வழியில் போனது. ஏப்ரல் 14ஆம் தேதி அதன் தலைவர் ஆலன் கார்பர் அரசின் கோரிக்கைகளை ஏற்க மறுத்தார். அன்றைக்கே 220 கோடி டாலர் முடக்கப்பட்டது. ஒரு வாரத்தில் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி ஆலிசன் பரோஸ், அந்த முடக்கம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார்.

கார்பரின் மறுப்புக் கடிதத்தைப் படித்தபோது, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எதைக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது, யாரைப் பணியமர்த்துவது, எதை ஆராய்வது என்பதை எந்த அரசும் ஆணையிடக் கூடாது என்கிறார் அவர். யார் கற்பிப்பது, எதை, எப்படி, யாருக்கு என்ற நான்கையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்க வேண்டும் என்று 1950களில் சொல்லிவைத்தவர் கேப் டவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டி. பி. டேவி. நிறவெறி அரசு பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரிக்கத் திட்டமிட்டபோது, கேப் டவுனும் விட்வாட்டர்ஸ்ராண்டும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அந்தக் கருத்து இடம்பெற்றது. அந்த அறிக்கை வெளியான 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர், ஸ்வீசி வழக்கில் எழுதிய தனித் தீர்ப்புரையில் நம்மவர்களின் அறிக்கையை விரிவாக மேற்கோள் காட்டினார். ஆக, அமெரிக்கர்கள் இன்று தங்கள் பரம்பரைச் சொத்தாகப் பேசும் நான்கு சுதந்திரங்கள் இங்கிருந்து கப்பலேறிப் போனவைதாம். இங்கே அவை தோற்றன. இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1959இல் நிறைவேறிவிட்டது.

சொன்ன வாயே பிறகு மூடிக்கொண்டதும் உண்டு. 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின மானிடவியலாளரை மூத்த விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. அரசு கண்ணை உருட்டியது. ஆட்சிமன்றம் நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவரை நியமிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் அப்போது இல்லை. மிரட்டல் மட்டுமே இருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது. ஆகஸ்டு மாதத்தில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் ஒன்பது நாள் உட்கார்ந்து பார்த்தார்கள், நடக்கவில்லை. பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2008இல். மஃபேஜே அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

முதல் நாளில் விட்டுக்கொடுத்தால் அதோடு தொல்லை தீரும் என்று நினைப்பவர்கள் கொலம்பியா, மஃபேஜே கதைகள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏட்டுக்கணக்கர்

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடாதவர் எழுதியதுபோலவும் இருக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவன். எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது. அரசு மானியம் ஒன்று. மாணவர் கட்டணம் ஒன்று, அதிலும் பெரும்பங்கு அரசின் மாணவர் உதவித் திட்டத்தின் வழியாகவே வருகிறது. ஆய்வு நல்கை, நன்கொடை, ஒப்பந்த வேலை என்று வெளியிலிருந்து வருவது மூன்றாவது. முதலிரண்டும் தாமதமாகலாம், ஆனால் எப்படியும் வந்துசேரும். மூன்றாவது நின்றால் அன்றோடு சரி, ஏனென்றால் அந்தத் திட்டப் பணியாளர் ஒவ்வொருவருடைய ஒப்பந்தத்திலும் "நிதி தொடரும் வரை" என்று ஒரு வரி இருக்கும். மாதக் கடைசியில் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போவதற்கு முன் அந்த வரிசையை நான் எத்தனையோ முறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதில் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் செவிலியர், ஓட்டுநர், தரவுப் பதிவாளர், இரத்த மாதிரி எடுப்பவர். ஆட்சிமன்றம் "கொள்கையில் உறுதியாக நிற்கிறோம்" என்று தீர்மானம் போடும்போது வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் அவர்கள்தான்.

ஹார்வர்டின் அறக்கொடை நிதி 2024இல் ஏறத்தாழ 5,300 கோடி டாலராக இருந்தது. அதில் பெரும்பகுதி கொடையாளர் குறித்த காரியத்துக்கு மட்டுமே செலவிடக்கூடியது என்றாலும், ஏப்ரலில் 75 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடவும், மே மாதத்தில் ஆய்வுகளுக்காகச் சொந்தப் பணம் 25 கோடி டாலரை ஒதுக்கவும் அவர்களால் முடிந்தது. கார்பர் தம் சம்பளத்தில் 25 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டதைப் பத்திரிகைகள் பாராட்டின. நம்மூர்த் துணைவேந்தர் முழுச் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்தாலும் ஓர் ஆய்வகத்தை ஆறு மாதம் நடத்த முடியாது. வீரம் பேசுவதற்கும் வங்கியில் இருப்பு வேண்டும்.

இன்னொன்று. அரசின் கேள்வி எல்லாமே மிரட்டல் ஆகாது. ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் நடந்த முறைகேடுகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு 2022இல் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். ஊழலை எதிர்த்துக்கொண்டிருந்த துணைவேந்தரின் மெய்க்காவலர் 2023 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே போய்த் தன்னாட்சி என்று பேசினால், அது திருடனுக்குத் திண்ணை போட்டுக் கொடுப்பதாகும்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

கணக்கர் அண்ணன் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்குச் செலவானதா என்று கேட்பது தணிக்கை. பணம் வேண்டுமானால் இன்னாரைப் பற்றி இன்னது செய் என்பது நிபந்தனை. முன்னதை மறுக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமை இல்லை. பின்னதை அரசு விதிக்கலாமா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கு 1987இலேயே வந்துவிட்டது; இழையைத் தொடங்கியவர் அதை எழுதாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்போது நெருக்கடி நிலை. தேசியக் கல்வி அமைச்சர் வேறு யாருமல்ல, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஃப். டபிள்யூ. டி கிளர்க். கலகம் செய்யும் மாணவர்கள் மீதும் ஊழியர்கள் மீதும் பல்கலைக்கழகங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும், வளாகத்து வசதிகள் புறக்கணிப்புக்கும் தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் பிரச்சாரத்துக்கும் பயன்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடப்பதை அமைச்சருக்கு அறிக்கையாக எழுத வேண்டும், தவறினால் மானியம் குறையும் என்று அந்த அக்டோபரில் நிபந்தனைகள் வந்தன. துணைவேந்தரைக் காவல் நிலைய எழுத்தராக மாற்றும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேப் டவுன் பல்கலைக்கழகமும் மேற்கு கேப் பல்கலைக்கழகமும் கேப் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இங்கே நேட்டால் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு வழக்குப் போட்டது. சட்டம் கொடுக்காத அதிகாரத்தை அமைச்சர் எடுத்துக்கொண்டார் என்று 1988இல் நிபந்தனைகள் தள்ளுபடியாயின. அடிப்படை உரிமைகளைக் காக்கும் அரசியலமைப்பு அப்போது கிடையாது என்பதைக் கவனியுங்கள். உயர்கல்விச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லிக் காக்கும் 16ஆம் பிரிவு இன்று நம்மிடம் இருக்கிறது. அன்று இருந்ததெல்லாம் நிர்வாகச் சட்டத்தின் சாதாரணக் கருவிகள்தாம். ஹார்வர்டு வழக்கிலும் பேச்சுரிமையோடு கைகொடுத்தது இத்தகைய வாதந்தான்: சட்டம் விதித்த நடைமுறைப்படி விசாரித்து, குறையைக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் நிதியை நிறுத்தலாம், ஒரு கடிதத்தில் நிறுத்திவிட முடியாது. பெரிய கொள்கைப் பேச்சைவிட, "இந்தத் தாளில் கையெழுத்துப் போட உமக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?" என்ற சின்னக் கேள்விதான் நீதிமன்றத்தில் பல நேரங்களில் எடுபடுகிறது.

வங்கி இருப்பு பற்றிய வாதத்துக்கும் இதிலேயே பதில் உண்டு. மேற்கு கேப் பல்கலைக்கழகம் நிறவெறி அரசே "கலப்பினத்தவருக்காக" என்று 1960இல் தொடங்கியது. அரசுப் பணம்தான் அதற்கு மூச்சு. அது வழக்குப் போட்டது. ஏறத்தாழ 1,500 கோடி டாலர் அறக்கொடை வைத்திருந்த கொலம்பியா வழக்குப் போடவில்லை.

ஆய்வகத் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து டர்பனில் ஆறு ஆண்டுகளாக ஓர் ஆய்வுக் குழுவில் தரவு மேலாளராக இருந்தவன். "இருந்தவன்" என்று ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்கா தன் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பணத்தை நிறுத்தவில்லை. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. பிப்ரவரி 7ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பெயரைச் சொல்லியே ஓர் ஆணை வந்தது, நம் நிலச் சட்டத்தையும் சர்வதேச நீதிமன்றத்தில் நாம் இஸ்ரேல் மீது தொடுத்த வழக்கையும் காரணம் காட்டி. எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைக்காக ஆப்பிரிக்க நாடுகள் பல சேர்ந்து நடத்திய பிரில்லியண்ட் கூட்டமைப்பின் வேலை தொடங்கவிருந்த நேரத்தில் நின்றது. டர்பன் என்றால் இந்தத் துறையில் உலகுக்கே தெரிந்த ஊர். டெனோஃபோவிர் என்ற மருந்துக் களிம்பு பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை 39 விழுக்காடு குறைக்கிறது என்று 2010இல் காட்டிய கேப்ரிசா மையத்தின் ஆய்வு இங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் குழு அதில்லை, சிறியது. வேலையை நிறுத்தச் சொல்லி வந்த மெயில் ஒரு பக்கங்கூட இல்லை. அன்று காலை எட்டு பெண்கள் பரிசோதனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி வந்தவள். அவர்களிடம் இரத்தம் எடுக்கலாமா, எடுத்தால் அதை ஆய்வுக்கு அனுப்ப அனுமதி உண்டா, எடுக்காமல் அனுப்பினால் அவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதி என்ன ஆவது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமைச் செவிலியர் அக்கா அவர்களுக்கு ரூய்போஸ் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எட்டு முறை போன் செய்தார். "மேலிடத்தில் ஆலோசிக்கிறார்கள்" என்ற பதில்தான் வந்தது. நான்கு நாள் அந்தப் பதில்தான்.

எங்களுக்குக் கோபம் அமெரிக்கா மீது மட்டுமில்லை. எங்கள் நிர்வாகம் எதிர்க்கவும் இல்லை, பணியவும் இல்லை. மறுமொழி எழுத அதற்கு யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு வந்த சுற்றறிக்கை, இனி அனுப்பும் விண்ணப்பங்களில் பாலினம், சமத்துவம் போன்ற சொற்களை "மறுபரிசீலனை" செய்யும்படி கேட்டுக்கொண்டது. எச்.ஐ.வி. பரவலைப் பாலினம் என்ற சொல் இல்லாமல் எப்படி எழுதுவது? எழுதினோம். மூன்று விண்ணப்பங்களில் நானே தேடித் தேடி மாற்றினேன். எந்த அரசும் எங்களிடம் நேரில் கேட்காத காரியம் அது.

பழைய வெஸ்ட்வில் மாணவி

தம்பி எழுதிய கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

எங்கள் அம்மா சாலிஸ்பரி தீவில் படித்தவர். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த பழைய கடற்படைக் கொட்டடியில் திறந்த கல்லூரி அது. படகேறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். காற்றடிக்கும் நாளில் புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு நின்றதை அம்மா சொல்வார். உங்கள் விவாதத்தில் வரும் ஆட்சிமன்றம் அங்கே அரசு நியமித்த வெள்ளையர்களுடையது. இந்தியர்களுக்கு ஆலோசனை மன்றம் என்று ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மிரட்டுபவனும் மிரட்டப்படுபவனும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் பல்கலைக்கழகம் எப்படி எதிர்வினையாற்றும்?

மாணவர்கள் ஆற்றினார்கள். நிர்வாகம் அனுமதித்த வடிவத்தில் மாணவர் பேரவை அமைக்க மறுத்தார்கள்; கல்லூரி நடத்தும் கேளிக்கைகளையும் விழாக்களையும் ஒதுக்கினார்கள். படிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எதையும் தொடாமல் வருவது என்று வைத்திருந்தார்கள். "சாப்பாட்டை வாங்கிக்கொண்டோம், கையை நக்கவில்லை" என்பார் அம்மா.

பிறகு அது டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி 1972இல் மேட்டுக்குப் போனது. நான் அங்கே தமிழ் படித்தேன். நிறவெறி அரசு, நம்மை நம் மூலையில் உட்காரவைக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக, தமிழுக்குப் பணம் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு, 1990களின் பிற்பகுதியில், மாணவர் எண்ணிக்கை, செலவு, சீரமைப்பு என்ற பெயர்களில் இந்திய மொழித் துறை மூடப்பட்டது. யாரும் மிரட்டவில்லை. எந்தக் கடிதமும் வரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடும் சூத்திரம் ஒன்று போதுமானதாக இருந்தது, ஆட்சிமன்றம் அதை எதிர்த்து ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. நாமும் தெருவுக்கு வரவில்லை. மிரட்டலுக்கு எதிராக நிற்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் பூஜ்யம் விழும்போது யார் எழுந்து நிற்பது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏட்டுக்கணக்கர்

அக்கா, அந்தச் சூத்திரத்தில் எண்களை நிரப்பியவர்களில் நானும் ஒருவன். வேறு வளாகத்தில்தான், ஆனாலும் அதே சூத்திரம். பதில் சொல்ல முடியவில்லை.

வக்கீல் ஐயாவுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மேற்கு கேப், கொலம்பியா ஒப்பீடு நெற்றியில் அடித்தாற்போல இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தையும் பாருங்கள். 1987இல் மேற்கு கேப்பிடம் பெரிய மருத்துவ ஆய்வகங்களோ, வெளிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கானவர்களோ இல்லை. அதன் மானியத்தை முழுதாக நிறுத்தினால் வளாகத்தையே மூட வேண்டும், பிறகு மாணவர்கள் தெருவில் நிற்பார்கள். அது அரசுக்கே ஆகாது. கொலம்பியாவுக்கு ஆண்டுதோறும் நூறு கோடி டாலருக்கு மேல் கூட்டாட்சி ஆய்வு நிதி வருகிறது, பெரும்பாலும் மருத்துவ வளாகத்துக்கு. அதில் ஒவ்வொரு நல்கையையும் தனித்தனியாக, சத்தமில்லாமல் நிறுத்தலாம். மொத்தம் எவ்வளவு பணம் என்பதைவிட, அது எத்தனை துண்டுகளாக, எத்தனை பேர் கையில் வருகிறது என்பதே ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பைத் தீர்மானிக்கிறது. அதிகமாக ஆராய்பவன் அதிகமாகப் பயப்படுவான். எனக்கே இதை எழுதப் பிடிக்கவில்லை.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

சரியான வாதம். அதனால்தான் தனித்தனியாக மாட்டக் கூடாது என்கிறேன். 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகை ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு ஓர் "ஒப்பந்தம்" அனுப்பியது: எங்கள் விதிகளை ஏற்றுக்கொள்ளுங்கள், நிதியில் முன்னுரிமை தருகிறோம் என்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலில் மறுத்தது, அடுத்தடுத்த நாட்களில் மற்றவையும் மறுக்கத் தொடங்கின. ஆனால் அதற்கு முன்பே பிரவுன் 5 கோடி டாலருக்குத் தனியாகப் பேசி முடித்திருந்தது, நவம்பரில் கார்னெல் 6 கோடிக்கு முடித்தது. ஒவ்வொருவரும் தனியே பேரம் பேசினால் சந்தையில் விலைப்பட்டியல் எழுதப்பட்டுவிடும்; அடுத்தவன் கேட்கும்போது "போன ஆள் இவ்வளவு கொடுத்தான்" என்பார்கள். 1987இல் அரசுக் கணக்கில் வெள்ளையருக்கான கேப் டவுனும் கலப்பினத்தவருக்கான மேற்கு கேப்பும் ஒரே நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதுதான் அமைச்சர் எதிர்பாராதது என்று நினைக்கிறேன்.

கிளேர்வுட் வாசகர்

1987ஐ விட்டது என் தவறுதான். அந்த ஆண்டு பள்ளியில் எங்களுக்கே பல தொல்லைகள், செய்தி மனதில் நிற்கவில்லை.

கணக்கர் தம்பி பட்டியலில் இருந்த ஓட்டுநரையும் செவிலியரையும் பற்றிச் சொன்னது சரி. கொள்கையின் விலையை யார் கொடுப்பது என்று கேட்காமல் கொள்கை பேசக் கூடாது. தானே விலை கொடுத்த ஒருவரையும் இங்கே எழுதிவைக்கிறேன். 1959இல் அரசு ஃபோர்ட் ஹேரைக் கைப்பற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, அங்கே பொறுப்பு முதல்வராக இருந்தவர் இசட். கே. மேத்யூஸ். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. இருந்திருந்தால் ஓய்வூதியம். அவர் பதவி விலகி அதை இழந்தார். மற்றவர்கள் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை, செய்திருக்கவும் முடியாது, பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் ஆட்சிமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுடையதை எடுத்து மேசையில் வைத்த பிறகு செவிலியரிடம் பொறுத்திருக்கச் சொல்வது வேறு, வைக்காமல் சொல்வது வேறு.

ஆய்வகத் தம்பி, ஒரு கேள்வி. அந்த மூன்று விண்ணப்பங்களின் பழைய பிரதிகளை வைத்திருக்கிறீர்களா?

ஆய்வகத் தம்பி

வைத்திருக்கிறேன் ஐயா. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், மாற்றிய சொற்களுக்கு மஞ்சள் பூசி. மொத்தம் 64 இடங்கள். விண்ணப்பம் மூன்றுக்கும் இன்னும் பதில் வரவில்லை. உறைபெட்டியில் இருந்த இரத்த மாதிரிகளைப் போன வியாழக்கிழமை வேறு குழுவின் பெட்டிக்கு மாற்றினோம். மின்கட்டணத்தை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், மார்ச் மாதம் வரை.